தும்மலுக்குச் சத்து மாத்திரை: எதற்குக் காசு கொடுக்கலாம், எதைக் கடையிலேயே விட்டுவிடலாம்

காலையில் போர்வையை உதறியதும் பத்துப் பதினைந்து தும்மல். பல் துலக்கி முடிப்பதற்குள் மூக்கில் நீர். ரயிலேறும்போது ஒரு பக்கம் அடைப்பு, மத்தியானம் கொஞ்சம் தெளிவு, இரவு தலையணையில் தலை வைத்ததும் மறுபடி ஆரம்பம். சிங்கப்பூரில் இது ஜனவரியிலும் இப்படித்தான், ஜூலையிலும் இப்படித்தான். மூக்கு அலர்ஜிக்கு மூலிகை மாத்திரையோ வைட்டமினோ வாங்க நினைப்பவர் முதலில் மனத்தில் வைக்கவேண்டியது இந்த ‘வருஷம் முழுக்க’ என்பதைத்தான்.

புட்டிகளை விற்கச் சொல்லப்படும் ஆய்வுகளில் பல, ஐரோப்பாவிலும் ஜப்பானிலும் மகரந்தக் காலத்தில் நடந்தவை. அங்கே மரமும் புல்லும் மகரந்தம் உதிர்க்கும் சில வாரங்களைத் தாண்டினால் போதும். இங்கே எதிரி மெத்தைக்குள் குடியிருக்கிறது. வீட்டுத் தூசிப்பூச்சி, அதிலும் வெப்பமண்டலத்துக்கே உரிய புளோமியா டிராப்பிகாலிஸ் என்ற வகை, சிங்கப்பூர் அலர்ஜிக்காரர்களிடம் மிகச் சாதாரணமாகக் காணப்படுவது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால்தான் தூசிப்பூச்சி வாடும். நம் ஊரின் சராசரியோ 80 விழுக்காட்டுக்கு மேல். ஆகவே ஒரு மாத்திரையிடம் இங்கே கேட்கவேண்டிய கேள்வி இரண்டு. வேலை செய்கிறதா? 365 நாளும் விழுங்கினால் கல்லீரலும் சிறுநீரகமும் தாங்குமா? இரண்டாவது கேள்வியில்தான் பல புட்டிகள் தோற்கின்றன.

எதற்கு எதிரே நிறுத்தி ஒப்பிடுவது

ஒரு சத்து மாத்திரையை இன்னொரு சத்து மாத்திரையோடு மட்டும் ஒப்பிட்டால், ஏதாவது ஒன்று ஜெயித்துத்தான் தீரும். அது நியாயமான போட்டி இல்லை. மருந்தகத்தில் ஏற்கெனவே கிடைப்பவற்றை அளவுகோலாக வைத்துக்கொள்ள வேண்டும்.

தும்மல், நமைச்சல், மூக்கு ஒழுகல் ஆகியவற்றுக்குச் செட்டிரிசின் 10 மில்லிகிராம் அல்லது லொராட்டடின் 10 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒன்று. ஒன்றிரண்டு மணி நேரத்தில் பலன் தெரியும். செட்டிரிசின் சிலருக்குத் தூக்கம் வரவழைக்கும். அவர்கள் இரவில் போட்டுக்கொள்ளலாம் அல்லது ஃபெக்ஸோஃபெனடினுக்கு மாறலாம். ஃபெக்ஸோஃபெனடினைத் தண்ணீரோடுதான் விழுங்கவேண்டும். ஆரஞ்சு, ஆப்பிள், கிரேப்ஃபுரூட் சாறுகள் அது உடலில் சேர்வதைக் குறைத்துவிடும். “மாத்திரை கேட்கவே இல்லை” என்று சொல்பவர்களில் சிலர் அதைக் காலை ஜூஸோடு சேர்த்து விழுங்குபவர்கள்.

அடைப்புக்கு இந்த ஆன்ட்டிஹிஸ்டமின் மாத்திரைகள் அவ்வளவாகக் கேட்காது. அங்கே ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேதான் முன்னணி. ஆனால் முழுப் பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் நாளே கைவிட்டவர்கள் ஏராளம். வலது மூக்குக்கு இடக்கையால், இடது மூக்குக்கு வலக்கையால், நடுச்சுவரைத் தவிர்த்துக் காதுப்பக்கமாக அடிக்கவேண்டும். நடுச்சுவரில் அடித்தால் ரத்தம் கசியும், பிறகு ஸ்பிரேயின் மேலேயே பயம் வந்துவிடும்.

இந்த இரண்டுக்கும் முன்னால், எந்த மூலிகையையும்விட மலிவான ஒன்று இருக்கிறது: உப்புநீரால் மூக்கைக் கழுவுவது. கொதித்து ஆறிய 240 மில்லிலிட்டர் வெதுவெதுப்பான நீர், அயோடின் சேர்க்காத உப்பு சுமார் 2 கிராம் (அரைத் தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு), ஒரு சிட்டிகை சமையல் சோடா. தலையைத் தொட்டியின் மேல் சாய்த்து, வாயால் மூச்சுவிட்டபடி, ஒரு மூக்கில் விட்டு மறுமூக்கில் வெளியேற்றவேண்டும். எரிந்தால் உப்பு கூடியோ குறைந்தோ இருக்கிறது. உப்பில்லாத வெறும் தண்ணீரும் எரியும். நம் குழாய்த் தண்ணீர் குடிக்க நல்லதுதான், ஆனால் மூக்குக்குள் விடுவதற்குக் கொதிக்கவைத்தே ஆகவேண்டும். வயிற்றின் அமிலம் கொன்றுவிடும் கிருமியை மூக்கு கொல்லாது. ஸ்பிரே அடிப்பவர் கழுவியபிறகு அடித்தால், மருந்து சளியின் மேல் படியாமல் சவ்வின் மேல் படியும்.

இவற்றோடு சேர்த்துக்கொள்ள ஏதாவது உண்டா என்பதுதான் சத்து மாத்திரையைப் பற்றிய சரியான கேள்வி. இவற்றுக்குப் பதிலாக என்று கேட்டால் பதில் சுருக்கம்: இல்லை.

குவெர்செட்டின்

அலர்ஜிக்கென்று விற்கப்படும் மாத்திரைகளில் இப்போது இதுவே அதிகம் கண்ணில் படுகிறது. வெங்காயத்திலும் ஆப்பிள் தோலிலும் உள்ள பொருள். தும்மலையும் அரிப்பையும் தூண்டும் ஹிஸ்டமினைக் கக்கும் மாஸ்ட் செல்களை ஆய்வகக் கண்ணாடித் தட்டில் இது நன்றாகவே அடக்குகிறது. சிக்கல், தட்டுக்கும் வயிற்றுக்கும் உள்ள தூரம். சாதாரணக் குவெர்செட்டின் தண்ணீரில் கரைவதில்லை. விழுங்கியதில் சிறு பங்குதான் ரத்தத்தை எட்டும். அதனால்தான் பலன் காட்டிய ஜப்பானிய ஆய்வுகள் பெரும்பாலும் உறிஞ்சப்படும்படி மாற்றியமைத்த வடிவங்களைப் பயன்படுத்தின. 2022இல் வெளியான ஓர் ஆய்வில் 66 பேர், நாளுக்கு 200 மில்லிகிராம், 4 வாரம்; கண் அரிப்பும் தும்மலும் மூக்கு ஒழுகலும் குறைந்தன. கொழுப்போடு பிணைத்த ஃபைட்டோசோம் வடிவம் அது. கடையில் 500 மில்லிகிராம் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் வெறும் குவெர்செட்டின் அந்த 200க்குச் சமம் ஆகாது.

வாங்குவதானால் ஃபைட்டோசோம் என்றோ, நொதியால் மாற்றிய ஐசோகுவெர்சிட்ரின் என்றோ எழுதியிருப்பதைத் தேடுங்கள். உணவோடு, அதிலும் கொஞ்சம் எண்ணெயுள்ள உணவோடு சாப்பிடுவது நல்லது. அன்னாசி நொதியான புரோமெலைனைச் சேர்த்த புட்டிகளும் உண்டு. ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் அந்தக் கூட்டைத் தொடவேண்டாம், அன்னாசி ஒத்துக்கொள்ளாதவர்களும்தான். உறுப்பு மாற்று அறுவைக்குப் பின் சைக்ளோஸ்போரின் சாப்பிடுபவர்களுக்குக் குவெர்செட்டினே ஆகாது.

எங்கள் கணிப்பில், கண் அரிப்பு அதிகமுள்ளவர் ஆறு வாரம் சோதித்துப் பார்க்கத் தகுந்தது. மூக்கடைப்பு மட்டும் பிரச்சினை என்றால் காசு வீண்.

வைட்டமின் சி

எல்லா வீட்டு அலமாரியிலும் ஒரு குழாய் நுரைக்கும் மாத்திரை இருக்கும். ‘இயற்கையான ஆன்ட்டிஹிஸ்டமின்’ என்ற பெயர் இதற்கு ஏன் வந்தது என்றால், வைட்டமின் சி குறைந்தவர்களின் ரத்தத்தில் ஹிஸ்டமின் கூடியிருப்பது கவனிக்கப்பட்டதால். அதிலிருந்து ‘மாத்திரை போட்டால் தும்மல் நிற்கும்’ என்பது பெரிய தாவல். வாய்வழி வைட்டமின் சி மூக்கு அலர்ஜியைக் குறைக்கிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. ஈரச்சந்தையில் ஒரு கொய்யா வாங்கினால் அன்றைய தேவை முடிந்தது.

1,000 மில்லிகிராம் மாத்திரை தீங்கற்றது என்ற எண்ணமும் சரியில்லை. தினமும் அதைச் சாப்பிட்ட ஆண்களுக்குச் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடுதல் என்று 2013இல் ஸ்வீடனிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. நுரைக்கும் மாத்திரையில் சோடியம் உண்டு. ரத்த அழுத்தக்காரர் கணக்கில் எடுக்கவேண்டும். ஜி6பிடி என்ற நொதிக் குறைபாடு உள்ளவர்களுக்கு மிக அதிக அளவு ரத்தச் சிவப்பணுக்களையே உடைக்கும். சிங்கப்பூரில் 1965 முதல் பிறந்த குழந்தைகளுக்கு இந்தக் குறைபாட்டைச் சோதிக்கிறார்கள். இங்கே பிறந்தவர்களுக்குச் சிறுவயதுச் சுகாதாரப் புத்தகத்தில் குறித்திருக்கும். இந்தியாவில் பிறந்து வேலைக்கு வந்தவர்களில் பலருக்குத் தமக்கு அது உண்டா என்றே தெரிந்திருக்காது.

வைட்டமின் டி

வெயில் நாட்டில் வைட்டமின் டி குறைபாடா என்று சிரிக்கவேண்டாம். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டிலிருந்து நிழற்பாதை வழியாக ரயில் நிலையம், அங்கிருந்து குளிரூட்டிய அலுவலகம் என்று போய்வருபவர் மேல் வெயில் எப்போது படுகிறது? கருத்த தோலுக்கு வெயில் இன்னும் அதிக நேரம் வேண்டும்.

இங்கே சான்று இரண்டாகப் பிரிகிறது. ரத்தத்தில் அளவு குறைந்தவர்கள் ஆன்ட்டிஹிஸ்டமினோடு வைட்டமின் டியும் சேர்த்துக்கொண்டபோது நிலைமை மேம்பட்டதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. அளவு சரியாக உள்ளவர்களுக்குக் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆகவே முதலில் ரத்தப் பரிசோதனை. மில்லிலிட்டருக்கு 20 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் எலும்புக்காகவே ஈடுகட்டவேண்டும், மூக்குக்குக் கிடைப்பது உபரி. பரிசோதிக்காமல் சாப்பிடுவதானால் நாளுக்கு 1,000 ஐ.யு. (அனைத்துலக அலகு) போதும். 4,000ஐத் தாண்டுவது மருத்துவர் சொல்லித்தான். இது கொழுப்பில் கரைவது, உடலில் தங்கும். அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும்.

டி3 பெரும்பாலும் செம்மறி ஆட்டுக் கம்பளிக் கொழுப்பிலிருந்து எடுக்கப்படுவது. சைவர்களுக்குப் பாறைப்பாசியிலிருந்து எடுத்த வகையும் உண்டு. மாத்திரை உறை ஜெலட்டினா, தாவர உறையா என்பதையும் பாருங்கள். ஹலால் முத்திரை தேடுபவர்களுக்கும் சைவர்களுக்கும் இந்தச் சிக்கல் பொது.

கருஞ்சீரகம்

தேக்காவில் மளிகைக் கடைகளில், கேலாங் சிராயில் ‘ஹப்பாத்துஸ் சவுதா’ என்ற பெயரில், மருந்தகத்தில் எண்ணெய் உருண்டையாக என மூன்று முகம் இதற்கு. வாங்கும்போது முதல் தவறு பெயரில் நடக்கும். கருப்பு எள் தட்டையாக, வழவழப்பாக இருக்கும். கருஞ்சீரகம் மூன்று முனையோடு, சொரசொரப்பாக, மங்கிய கருப்பில் இருக்கும். இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கினால் ஓமமும் மிளகும் கலந்தாற்போல் ஒரு காரமான வாசனை. வாசனை வரவில்லை என்றால் பழைய சரக்கு. வேலை செய்யும் பொருளான தைமோகுவினோன் ஆவியாகிப்போகும் எண்ணெயில்தான் இருக்கிறது. வாசனை போனால் மருந்தும் போனது. எண்ணெயாக வாங்கினால் குளிர அழுத்திப் பிழிந்தது, கருத்த கண்ணாடிப் புட்டி. நம் ஊர்ச் சூட்டில் திறந்த புட்டியைக் குளிர்பெட்டியில் வைக்காவிட்டால் சீக்கிரமே சிக்கு வாடை அடிக்கும்.

2011இல் வெளியான ஈரானிய ஆய்வொன்றில் 66 பேருக்கு ஒரு மாதம் கொடுத்துப் பார்த்ததில் அடைப்பு, ஒழுகல், தும்மல், நமைச்சல் நான்கும் குறைந்தன. சிறிய ஆய்வுதான், ஆனால் சமையலில் காலம்காலமாகப் புழங்கும் பொருள் என்பதால் அளவோடு எடுக்க நமக்குத் தயக்கம் குறைவு. விதையாக என்றால் நாளுக்கு 1 முதல் 2 கிராம், அதாவது அரைத் தேக்கரண்டி அளவு. எண்ணெய் உருண்டை என்றால் 500 மில்லிகிராம் காலையிலும் இரவிலும், சாப்பாட்டுக்குப் பிறகு. வெறும் வயிற்றில் எண்ணெய் குடித்தால் குமட்டும்.

சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்கவேண்டும். கருஞ்சீரகம் ரத்தச் சர்க்கரையையும் ரத்த அழுத்தத்தையும் இறக்கும். கிளிப்பிசைட் போன்ற மாத்திரையோடு சேர்ந்தால் மத்தியானத்துக்குள் கைநடுக்கமும் வியர்வையும் வரலாம். முதல் இரண்டு வாரம் விரலில் குத்திப் பார்ப்பதைக் கூட்டுங்கள். எண்ணெயை மூக்குக்குள் நேராக விடும் பழக்கம் சிலரிடம் இருக்கிறது. சவ்வு பொத்துப்போகலாம், நுரையீரலுக்கு எண்ணெய் இறங்கும் அபாயமும் உண்டு.

மூலிகை வரிசையில் எங்கள் முதல் தேர்வு இதுவே. கர்ப்பிணிகளுக்கு மட்டும், சமையலில் தாளிக்கும் அளவோடு சரி.

மஞ்சள்: ரசத்துக்கும் மாத்திரைக்கும் உள்ள இடைவெளி

வருஷம் முழுக்க நீடிக்கும் மூக்கு அலர்ஜிக்காரர்களை வைத்தே சோதித்த அபூர்வமான பொருள், மஞ்சளில் உள்ள குர்குமின். 2016இல் வெளியான அந்த ஆய்வில் 241 பேர், 2 மாதம். தும்மலும் ஒழுகலும் குறைந்து மூக்கின் காற்றோட்டமும் கூடியது. நம் நிலைமைக்கு மிக நெருக்கமான சான்று இதுதான். அப்படியிருந்தும் இதைக் கருஞ்சீரகத்துக்குக் கீழே வைக்கிறோம். ஏன் என்பதைக் கணக்கு சொல்லும்.

மஞ்சள் தூளில் குர்குமின் சுமார் 3 விழுக்காடு. ஒரு தேக்கரண்டி, அதாவது 3 கிராம் தூளில் 90 மில்லிகிராம். அதிலும் உடலில் சேர்வது மிகச் சொற்பம். ஆகவே இரவில் குடிக்கும் மஞ்சள் பால் தொண்டைக்கு இதம், அலர்ஜிக்கு மருந்து ஆகாது. இந்தச் சொற்பத்தைக் கூட்டத்தான் மிளகின் பிப்பரினைச் சேர்க்கிறார்கள். 20 மில்லிகிராம் பிப்பரின் குர்குமினை ரத்தத்தில் 20 மடங்கு கூட்டியது என்பது 1998இல் பெங்களூரில் செய்த ஆய்வு. ‘2000%’ என்று புட்டியில் அச்சடிப்பது அதைத்தான்.

வினையும் அங்கேதான். சமையலறை அளவில் யாரையும் தொந்தரவு செய்யாத மஞ்சள், செறிவாக்கி உறிஞ்சவும் வைத்தபிறகு சிலருக்குக் கல்லீரலைத் தாக்குகிறது. இத்தாலியிலும் அமெரிக்காவிலும் இப்படி மஞ்சள்காமாலையோடு வந்தவர்களைப் பதிவு செய்திருக்கிறார்கள். ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டாளர் 2023இல் பொதுமக்களை எச்சரித்தார். அமெரிக்காவில் பாதிக்கப்பட்டவர்களில் பலரிடம் குறிப்பிட்ட ஒரு மரபணு வகை இருந்தது. அது தம்மிடம் இருக்கிறதா என்று விழுங்கும் முன் பெரும்பாலோருக்குத் தெரிந்திருக்காது. சிறுநீர் தேநீர் நிறத்தில் போனாலோ, காரணமில்லாமல் பசி கெட்டு உடம்பு அரித்தாலோ அன்றே நிறுத்திவிட்டு ரத்தப் பரிசோதனைக்குப் போகவேண்டும். பித்தப்பைக் கல் உள்ளவர்கள், ஏற்கெனவே கல்லீரல் நோய் உள்ளவர்கள், கொழுப்பு மாத்திரை உட்பட நாலைந்து மருந்து சாப்பிடுபவர்கள் இந்தப் புட்டியைத் தவிர்ப்பதே மேல்.

சீந்தில்

கொரோனா காலத்தில் ஊரிலிருந்து வந்த பைகளில் இது நிறைய வந்தது. கிலோய், அமிர்தவல்லி, குடூச்சி எல்லாம் இதே கொடிதான். 2005இல் இந்தியாவில் 75 பேரிடம் 8 வாரம் நடத்திய ஆய்வில், சாப்பிட்டவர்களில் 83 விழுக்காட்டினருக்குத் தும்மல் முழுசாக நின்றது என்று பதிவானது. எண்ணைப் பார்த்தால் செட்டிரிசினே வெட்கப்படவேண்டும். இவ்வளவு நல்ல முடிவைப் பார்த்ததும் சந்தேகம் வருவதுதான் முறை.

2021இல் மும்பையில் 6 பேருக்கு, சீந்தில் சாப்பிட்டபின், உடலே தன் கல்லீரலைத் தாக்கும் வகைப் பாதிப்பு வந்தது. அடுத்த வருஷம் இந்தியாவின் 13 மருத்துவ மையங்களைச் சேர்த்துப் பார்த்தபோது 43 பேர். வேறொரு சீந்தில் வகையோடு குழப்பிக்கொண்டார்கள் என்று பாரம்பரிய மருத்துவத்துக்கான இந்தியாவின் ஆயுஷ் அமைச்சு வாதாடியது. அந்த இன்னொரு வகைதான் மலாய்க்காரர்கள் பத்தாவாலி என்று வளர்க்கும் கசப்புக் கொடி. அதுவும் கல்லீரலைக் கெடுத்ததாகப் பதிவுகள் உண்டு. எந்தக் கொடி என்று தண்டை வெட்டிப் பார்த்து உறுதியாகச் சொல்லும் கண் நம்மில் எத்தனை பேருக்கு இருக்கிறது? தைராய்டு, சோரியாசிஸ், முடக்குவாதம் போன்ற நோயெதிர்ப்புக் கோளாறு உள்ளவர்கள் கிட்டவே போகவேண்டாம். மற்றவர்களுக்கும், தினசரித் தும்மலுக்காக இந்த விலை கொடுக்கத் தேவையில்லை.

பட்டர்பர் என்ற ஐரோப்பிய மூலிகையின் கதையும் இதே ரகம். 2002இல் 125 பேரிடம் 2 வாரம் நடத்திய ஆய்வில் செட்டிரிசினுக்கு ஈடு கொடுத்தது. ஆனால் செடியில் இயல்பாகவே உள்ள பைரோலிசிடின் அல்கலாய்டு கல்லீரல் நஞ்சு. நீக்கிவிட்டதாகச் சொன்ன தயாரிப்புகளும் சந்தேகத்துக்குள்ளாகி, பிரிட்டன் 2012இல் வேண்டாம் என்றது. இணையத்தில் இன்னும் விற்கிறார்கள். வேண்டாம்.

மீதியை விரைவாக

சுருள்பாசி எனப்படும் ஸ்பைருலினா நாளுக்கு 2 கிராம் கொடுத்த துருக்கி ஆய்வு நல்ல பலன் காட்டியது. 500 மில்லிகிராம் மாத்திரை என்றால் நாலு விழுங்கவேண்டும், பலருக்கு அங்கேயே அலுத்துவிடும். பாசி வளர்ந்த நீரைப் பொறுத்துக் கன உலோகமும் நச்சுப்பாசியும் கலக்கும், ஆகவே தொகுதிவாரிச் சோதனை அறிக்கை தரும் தயாரிப்பு மட்டும்.

நெட்டில் இலை மாத்திரைக்கு அடிப்படை 1990இல் ஒரு வாரம் நடந்த சிறு ஆய்வு. கடந்துபோகலாம்.

தேன்? உள்ளூர்த் தேனில் உள்ள மகரந்தம் உடலைப் பழக்கும் என்பது வாதம். நம் பிரச்சினை தூசிப்பூச்சி. தேனில் தூசிப்பூச்சி இல்லை. ராயல் ஜெல்லி, தேனீ மகரந்தம், புரோபோலிஸ் இவை அலர்ஜி உடம்புக்காரர்களுக்கு ஆஸ்துமாத் தாக்குதலையும் உயிராபத்தான ஒவ்வாமையையும் தந்திருக்கின்றன. அலர்ஜிக்கு மருந்து என்று அலர்ஜியையே விலைக்கு வாங்குவது இதுதான்.

நற்கிருமி (புரோபயாட்டிக்) பொட்டலங்களில் எந்தக் கிருமி வகை என்பதைப் பொறுத்தே பலன். சான்று இன்னும் மெலிது. ஆனால் சிங்கப்பூர்க்காரர்கள் தனியாகக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. நற்கிருமிக்குத் தீனியாகச் சேர்க்கும் ஜிஓஎஸ் என்கிற காலக்டோ-ஒலிகோசாக்கரைடு, இந்த வட்டாரத்து அலர்ஜி உடம்புக்காரர்கள் சிலருக்குக் கடும் ஒவ்வாமையை உண்டாக்கியிருக்கிறது. இங்கேயே அப்படிப்பட்டவர்களை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். பாலைக் குடித்தால் ஒன்றும் ஆகாது, ஜிஓஎஸ் சேர்த்த பானத்தைக் குடித்தால் உதடு வீங்கும். அட்டையின் பொடி எழுத்தில் அதைத் தேடுங்கள்.

தாழ்வாரத் தொட்டியில் வளரும் ஓமவல்லியும், ஆடாதோடைக் கஷாயமும் கெட்டிச் சளியை இளக்குபவை. இருமல் மருந்தான புரோம்ஹெக்சின் ஆடாதோடைச் சத்திலிருந்து பிறந்ததுதான். அலர்ஜி மூக்கிலோ தண்ணீராக ஒழுகுகிறது. இளக்க அங்கே எதுவும் இல்லை. ஆடாதோடை கருப்பையைச் சுருங்கவைக்கும், கர்ப்பிணிகள் தொடக்கூடாது. அதிமதுரத்தை மாதக்கணக்கில் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும். சீன மருந்துக் கடைகளில் மூக்குக்கென்று தரும் கூட்டு மருந்துகள் தனி உலகம். அவற்றைப் பதிவு பெற்ற சீன மருத்துவரிடம் காட்டி, சாப்பிடும் மற்ற மருந்துகளையும் சொல்லி வாங்குவதே வழி.

ஒரே நாளில் மூக்கு திறந்தால்

சிங்கப்பூரில் சத்து மாத்திரைகளைச் சுகாதார அறிவியல் ஆணையம் விற்பனைக்கு முன் ஒவ்வொன்றாக ஆராய்ந்து அனுமதிப்பதில்லை. பொறுப்பு விற்பவருடையது. ஆணையம் சந்தையிலிருந்து மாதிரி எடுத்துச் சோதிக்கிறது, பிடிபட்டதை அறிவிக்கிறது. அந்த அறிவிப்புகளில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு பெயர்கள்: டெக்சாமெத்தசோன், குளோர்ஃபெனிரமின். முன்னது வலுவான ஸ்டீராய்டு, பின்னது தூக்கம் வரவழைக்கும் பழைய ஆன்ட்டிஹிஸ்டமின். ‘முழுக்க மூலிகை’ என்று எழுதிய உருண்டைக்குள் இரண்டும் இருந்தால், பத்து வருஷத் தும்மல் ஒரே ராத்திரியில் நிற்கத்தான் செய்யும்.

மூலிகையோ வைட்டமினோ அவ்வளவு வேகமாக வேலை செய்யாது. வேகமே சந்தேகத்துக்குக் காரணம். சில வாரத்தில் முகம் உருண்டு, வயிறு பெருத்து, தோல் லேசாகப் பட்டாலே கன்றிப்போனால் சந்தேகம் உறுதி. அப்போது செய்யக்கூடாதது, பயந்துபோய் அன்றே நிறுத்துவது. உடலின் சொந்த ஸ்டீராய்டுச் சுரப்பு உறங்கிப்போயிருக்கும். திடீரென நிறுத்தினால் மயங்கி விழலாம். மீதி உருண்டையோடும் அட்டையோடும் மருத்துவரிடம் போகவேண்டும், அவர் படிப்படியாகக் குறைப்பார். ஊரிலிருந்து கொண்டுவரும் செந்தூரம், பற்பம் வகைகளில் பாதரசமோ ஈயமோ இருக்கலாம் என்பதும் இதே கணக்கில் சேரும்.

அட்டையைத் திருப்புங்கள்

முன்பக்கம் ‘மஞ்சள் 1,000 மி.கி.’ என்றிருக்கும். பின்பக்கம் பார்த்தால் அது வேர்த்தூள். குர்குமின் 30 மில்லிகிராம்தான் தேறும். பக்கத்துப் புட்டியில் ‘சாறு 500 மி.கி., 95% குர்குமினாய்டு’ என்றிருந்தால் அதில் 475. எண் சிறிதான புட்டியில் மருந்து பதினாறு மடங்கு. ‘சாறு 20:1, 10,000 மி.கி.க்குச் சமம்’ என்ற வரி எதையும் சொல்லவில்லை. எந்த வேதிப்பொருள் எத்தனை மில்லிகிராம் என்பதே கணக்கு. ‘ஒரு வேளை அளவு’ என்பது மூன்று உருண்டையா என்றும் பாருங்கள். 60 உருண்டைப் புட்டி அப்போது 20 நாளில் காலி. ஏழெட்டு மூலிகையைக் கலந்து ‘தனியுரிமைக் கலவை’ என்று மொத்த எடை மட்டும் போட்டிருந்தால் வைத்துவிடுங்கள். பலன் கிடைத்தாலும் எதனால் என்று தெரியாது, ஒவ்வாமல் போனாலும் தெரியாது.

சோதித்துப் பார்ப்பது எப்படி

மூக்கு அலர்ஜி தானாகவே ஏறி இறங்கும். புகைமூட்டம் வந்த வாரம் மோசம், மெத்தை உறையை மாற்றிய வாரம் பரவாயில்லை. அதனால் நினைவை நம்பாமல் எண்ணை நம்பவேண்டும். தும்மல், ஒழுகல், நமைச்சல், அடைப்பு என்ற நான்குக்கும் தினமும் இரவு 0 முதல் 3 வரை மதிப்பெண். கூட்டினால் 12க்குள் ஓர் எண். அலர்ஜி ஆய்வுகளிலும் இதே முறைதான். கைப்பேசி நாட்காட்டியில் குறித்தால் போதும்.

முதல் இரண்டு வாரம் புது மாத்திரை எதுவும் வேண்டாம், வழக்கமான ஸ்பிரேயும் உப்புநீரும் மட்டும். மூன்றாம் வாரத்தில் ஒரே ஒரு பொருளைச் சேருங்கள். இரண்டை ஒன்றாக ஆரம்பித்தால் சோதனையே பாழ். ஆறாம் வாரம் முடியும்வரை மெத்தை, குளிர்சாதனம், செல்லப்பிராணி எதையும் மாற்றாதீர்கள். படுக்கை விரிப்பை வாரம் ஒருமுறை 60 டிகிரி வெந்நீரில் துவைப்பதாக இருந்தால் அதைச் சோதனைக்கு முன்பே தொடங்கிவிடுங்கள். முதல் இரண்டு வாரச் சராசரியையும் கடைசி இரண்டு வாரச் சராசரியையும் ஒப்பிட்டு, இரண்டு புள்ளியாவது இறங்கியிருந்தால் தொடரலாம். அப்படியும் ஒருமுறை இரண்டு வாரம் நிறுத்திப் பாருங்கள். எண் மறுபடி ஏறினால்தான் அது மாத்திரையின் வேலை.

அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருந்தால் இரண்டு வாரம் முன்னதாகக் கருஞ்சீரகம், குர்குமின், புரோமெலைன் மூன்றையும் நிறுத்தவேண்டும். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுபவர் இந்த மூன்றையும் தொடங்கவே கூடாது. குழந்தைகளுக்கு இந்தப் பட்டியலில் எதையும் நாமாக ஆரம்பிக்கவேண்டாம். மருத்துவர் எழுதும் வைட்டமின் டி மட்டும் விதிவிலக்கு. மூச்சு வாங்கல், நெஞ்சில் விசில் சத்தம், ஒரே பக்க மூக்கில் மட்டும் அடைப்போ ரத்தமோ இருந்தால் மதிப்பெண் போட்டுக்கொண்டு உட்காராமல் பலதுறை மருந்தகத்துக்குப் போங்கள். அங்கிருந்து தோல் குத்துச் சோதனைக்கு அனுப்பினால், அதற்கு ஒரு வாரம் முன்பே ஆன்ட்டிஹிஸ்டமினை நிறுத்தச் சொல்வார்கள். சாப்பிட்டுவரும் மூலிகைப் புட்டிகளையும் கையோடு கொண்டுபோய் மேசைமேல் வையுங்கள். பெயரை வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும்.